தூக்கத்துல மூச்சு நிக்காம இருக்க சிபேப் மெஷின் போட்டு 3 வாரம் ஆச்சு, நடுராத்திரி டியூப்ல இருந்து மூக்குக்கு தண்ணி வருது. மலையில யூஸ் பண்றவங்க சொல்லுங்க

பாலாடா பிக்கப்:

வணக்கம்ங்க. நான் கேத்தி பாலாடா பக்கம், வயசு 46. சொந்த பிக்கப் வெச்சு கேரட் பீட்ரூட் ஏத்தி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டிட்டு இருந்தேன். இருந்தேன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஆறு மாசம் முன்னாடி விடியக்காலம் லோடோட எறங்கும்போது மரப்பாலம் பக்கத்துல ஒரு வளைவுல கண்ணு சொருகிடுச்சு, எவ்வளவு நேரம்னு தெரியல, பக்கத்துல இருந்த பையன் அண்ணான்னு கத்தினதுல முழிச்சு பிரேக் அடிச்சேன், வண்டி தடுப்புச் செவுத்த உரசிட்டு நின்னுச்சு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு இந்த ரோடு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு சாவி குடுத்ததுதான், இன்னிக்கு வரைக்கும் ஆக்டிங் டிரைவர் போட்டுத்தான் ஓட்டறேன், வர்ற காசுல பாதி அவருக்கே போகுது.

கோயம்புத்தூர்ல டாக்டர்கிட்ட காட்டுனப்ப தலையில நெஞ்சுல எல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி ஸ்லீப் ஸ்டடி எடுத்தாங்க. ஸ்லீப் ஆப்னியாவாம், தூக்கத்துல தொண்ட அடைச்சு மணிக்கு 41 தடவ மூச்சு நின்னோ கொறஞ்சோ போகுதாம், ரத்தத்துல ஆக்சிஜன் 71 சதவீதம் வரைக்கும் எறங்கியிருக்கு. இத்தன வருஷமா கொறட்ட விட்டு நல்லா தூங்கறேன்னுதான் நான் நெனச்சுட்டு இருந்தேன். நைட்டு மூணு தடவ ஒண்ணுக்குப் போக எந்திரிக்கறது கூட குளிருக்குன்னு விட்டுட்டேன், இங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க.

மாஸ்க் வழியா காத்த அழுத்தி அனுப்பி தொண்ட அடைக்காம பாத்துக்கற ஆட்டோ சிபேப் மெஷின் 1 மாசம் வாடகைக்கு எடுத்திருக்கேன். புடிச்சிருந்தா 52,000 கட்டி வாங்கிக்கலாம், இல்லாட்டி திருப்பிக் குடுத்துடலாம். இன்னும் 9 நாள்தான் இருக்கு, ஆனா ஒரு ராத்திரி கூட முழுசா போட்டுத் தூங்கல. படுத்து ரெண்டு மூணு மணி நேரம் பரவால்ல. அப்பறம் டியூப்ல கொளகொளன்னு ஒரு சத்தம், அடுத்த மூச்சுல ஐஸ் தண்ணி மாதிரி மூக்குல அடிக்குது. பதறி எந்திரிச்சு ஒதறிட்டு மறுபடியும் போட்டா தூக்கம் வர்றதில்ல. சில நாள் காலைல பாத்தா மாஸ்க் தலையணைக்குக் கீழ கெடக்குது, நான் எப்ப கழட்டுனேன்னு எனக்கே தெரியல. வாய் வேற ஒட்டி காஞ்சு போகுது. கரண்ட் போனா மூச்சு முட்டிடுமோன்னு ஒரு பயமும் இருக்கு. மெஷின் குடுத்தவங்களுக்கு போன் பண்ணா பழகிடும் பழகிடும்னு மட்டும்தான் சொல்றாங்க.

வீட்டுக்காரம்மா முன்னாடி எல்லாம் நைட்டு முழிச்சு என் மூக்குக்கிட்ட கை வெச்சு மூச்சு வருதான்னு பாப்பாங்களாம், ஸ்டடிக்கு அப்பறம்தான் சொன்னாங்க. அவங்களுக்காகவாச்சும் இது சரியாகணும். திருப்பிக் குடுத்துடலாமா, இல்ல நான் ஏதாச்சும் தப்பா பண்றனா? மலையில இருந்துட்டு யூஸ் பண்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.


கோத்தகிரி டீச்சர்:

தம்பி, தயவு செஞ்சு திருப்பிக் குடுத்துடாதீங்க. எனக்கு வயசு 54, ஸ்கூல் டீச்சர், 2020ல இருந்து போட்டுட்டு இருக்கேன். பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு நெனச்சே எனக்கு தைராய்டு, ரத்தசோகை, மெனோபாஸ்னு நாலு வருஷம் சுத்த விட்டாங்க, அது தனிக் கதை.

உங்களுக்கு நடக்கறது மெஷின் கோளாறு இல்ல. இங்க குளிர்ல பலருக்கு நடக்கறதுதான். மழைக்காலத்துல பஸ்ஸுல ஜன்னல் எல்லாம் சாத்திட்டுப் போனா கண்ணாடில உள்பக்கம் தண்ணி கோத்து வழியும் பாத்திருப்பீங்க, அதேதான் உங்க டியூப்புக்குள்ளயும். ஹியூமிடிஃபையர் தண்ணிய சூடு பண்ணி ஈரக்காத்தா அனுப்புது, அது ஆறடி டியூப் வழியா வர்றதுக்குள்ள வெளிக்குளிர்ல ஆறி தண்ணியா நிக்குது. ராத்திரி 10 மணிக்கு ரூம் கொஞ்சம் கதகதன்னு இருக்கும், அதனால மொத ரெண்டு மூணு மணி நேரம் ஒண்ணும் தெரியாது. 2 மணிக்கு மேல வெளிய உறைபனி விழற நேரத்துல ரூமும் குளுந்து போயிடும், அப்பதான் கொளகொளன்னு வரும். கோயம்புத்தூர்ல இருக்கற கடைக்காரருக்கு இந்த அனுபவமே இருக்காது, அதான் பழகிடும்ங்கறாரு. இது பழகறதே இல்ல, சரி பண்ண வேண்டிய விஷயம்.

நான் பண்ணத சொல்றேன். மொதல்ல மெஷின கட்டில விட தாழ்வா ஒரு ஸ்டூல் மேல வெச்சேன், டியூப்ல தண்ணி கோத்தாலும் மூக்குக்கு வராம மெஷின் பக்கம் எறங்கிடும். ஆனா டியூப் நடுவுல தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது, தொங்குனா தண்ணி அங்கயே தேங்கி அதுதான் சத்தம் போடும். மெஷின் ஜன்னலோரம் இருந்தா தள்ளி வைங்க, அது ரூம் காத்தத்தான் இழுக்குது. டியூப்ப போர்வைக்குள்ள விட்டுக்குங்க. பழைய ஸ்வெட்டர வெட்டி டியூப்புக்கு நீளமா ஒரு உறை தெச்சுப் போட்டேன், பாதித் தண்ணி அன்னிக்கே நின்னுடுச்சு. மெனுவுல ஹியூமிடிட்டி எத்தனைல இருக்குன்னு பாருங்க, 5 6னு இருந்தா 3க்குக் கொண்டு வாங்க. சுத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க, பண்ணா மூக்கு காஞ்சு வீங்கி அடைச்சுக்கும், மூக்கடைச்சா வாய் தொறக்கும், வாய் காயும், அப்படியே சுத்திட்டே இருக்கும். உங்க வாய் காயறதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். இதெல்லாம் பண்ணியும் நிக்கலன்னா ஹீட்டட் டியூப்னு ஒண்ணு இருக்கு, டியூப்புக்குள்ளயே சூடு பண்ற கம்பி ஓடும். உங்க மெஷினுக்கு பொருந்தறதான்னு கேட்டு வாங்குங்க. நான் டிசம்பர் ஜனவரிக்கு மட்டும் அதப் போட்டுக்கறேன்.

அப்பறம் மாஸ்க்கோட பழகறதுக்கு ராத்திரியிலயே போராட வேண்டாம். சாயங்காலம் டிவி பாக்கும்போது அர மணி நேரம் மெஷின ஆன் பண்ணி மாஸ்க்க போட்டுட்டு சும்மா உக்காருங்க. நான் பரீட்ச பேப்பர் திருத்தும்போது போட்டுக்குவேன். தூங்கணும்ங்கற நெருக்கடி இல்லாத நேரத்துலதான் ஒடம்பு அத ஏத்துக்குது.

இன்னொண்ணு, இந்த மெஷின சிட்னில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர் கண்டுபிடிச்சு 1981ல எழுதறதுக்கு முன்னாடி, உங்க அளவுக்கு இருந்தவங்களுக்கு தொண்டையில ஓட்ட போட்டு குழாய் வெக்கறதுதான் வழியா இருந்துச்சு. எனக்கு ரொம்ப வெறுப்பா இருந்த ராத்திரியில இத நெனச்சுப்பேன்.


மஞ்சூர் பையன்:

எங்க பெரியப்பாவும் இதே மாதிரி ரெண்டு மாசம் போட்டுட்டு முடியலன்னு மூட்ட கட்டி பரண் மேல போட்டுட்டாரு. ஒருக்களிச்சு படுத்தா போதும் அண்ணா, கொறட்ட நின்னுடும். இன்னொரு விஷயம், அந்த மெஷினு சும்மாதான் கெடக்கு, 15,000க்குக் குடுத்துடுவாரு, வேணும்னா கேட்டுச் சொல்றேன். 2018ல வாங்குனது, பிலிப்ஸ் டிரீம்ஸ்டேஷன்.


ஸ்லீப் லேப் கூடலூர்:

அண்ணா, நான் கூடலூர்க்காரி, கோயம்புத்தூர்ல ஒரு ஸ்லீப் லேப்ல 7 வருஷமா டெக்னீஷியன். டாக்டர் இல்ல, அதனால பிரஷர் மாத்தற விஷயம் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் பண்ணணும்.

மொதல்ல மஞ்சூர் தம்பி, அந்த மெஷின தயவு செஞ்சு யாருக்கும் குடுக்காதீங்க. 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனியே டிரீம்ஸ்டேஷன் 1 வரிசை மெஷின்கள திருப்பி வாங்கறதா அறிவிச்சாங்க, உள்ள சத்தம் கொறைக்கறதுக்கு வெச்ச ஃபோம் உதிர்ந்து காத்தோட மூச்சுல போக வாய்ப்பிருக்குன்னு. பெரியப்பாகிட்ட சீரியல் நம்பர் வெச்சு கம்பெனிகிட்ட விசாரிக்கச் சொல்லுங்க. ஒருக்களிச்சுப் படுக்கறது நல்லதுதான், ஆனா அது கொஞ்சமா இருக்கறவங்களுக்கு. மணிக்கு 5ல இருந்து 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமைன்னு கணக்கு. அண்ணனுக்கு 41, ஆக்சிஜன் 71. இதுக்கு ஒருக்களிச்சுப் படுக்கறது மட்டும் போதாது. கொறட்ட நிக்கறதும் மூச்சு சரியாகறதும் ஒரே விஷயம் இல்ல. உங்க பெரியப்பா திரும்பவும் டாக்டர பாக்கணும் தம்பி, பரண்ல போட்டுட்டாருன்னு படிச்சதும் எனக்கு மனசே கேக்கல.

டீச்சரம்மா தண்ணி விஷயத்த முழுசா சொல்லிட்டாங்க, நான் மாஸ்க்குக்கு வரேன். தூக்கத்துல தன்னாலயே கழட்டறவங்க லேபுக்கு வந்தா நான் பாக்கறது மூணு விஷயம். ஆரம்ப பிரஷர் 4ல வெச்சிருந்தா பெரிய ஆளுக்கு காத்து பத்தாத மாதிரி இருக்கும், அரத்தூக்கத்துல கை தானா மாஸ்க்குக்குப் போயிடும். அத 6 7க்கு ஏத்துனதுமே நெறைய பேருக்கு சரியாயிருக்கு, உங்க டாக்டர்கிட்ட இதக் கேளுங்க. மூச்சு விடும்போது பிரஷர கொறைக்கற செட்டிங் ஒண்ணும் இருக்கும், அதையும் ஆன் பண்ணச் சொல்லுங்க. ரெண்டாவது லீக். உக்காந்துட்டு மாஸ்க் அளவு பாத்தா படுத்ததும் மூஞ்சி சதை சரிஞ்சு எடம் மாறிடும். அதனால மெஷின் ஓடும்போது படுத்துட்டே பட்டைய சரி பண்ணுங்க. காத்து ஒழுகுதுன்னா எல்லாரும் இறுக்கி இறுக்கிக் கட்டறாங்க, அது தப்பு, ரப்பர் காத்துல உப்பி மூஞ்சில ஒக்காரணும், இறுக்கினா அது மடங்கி இன்னும் ஒழுகும், மூக்குத்தண்டுல புண்ணும் வரும். தெனம் காலைல ரப்பர லேசா சோப்புத் தண்ணில கழுவிடுங்க, மூஞ்சி எண்ணெ படிஞ்சா வழுக்கும். மூணாவது மூக்கடைப்பு. நீலகிரி வீடுகள்ல செவுத்துல பூஞ்சை பூக்குது, அந்த அலர்ஜில மூக்கு அடைச்சிருந்தா எந்த மாஸ்க்கும் நிக்காது. படுக்கறதுக்கு முன்னாடி மூக்குக்கு சலைன் ஸ்பிரே (உப்புத்தண்ணி) அடிச்சுப் பாருங்க. அப்பவும் வாய் தொறந்தா வாயையும் சேத்து மூடற மாஸ்க் இருக்கு, வாடகைக்கு எடுத்த எடத்துல மாத்திக் கேளுங்க, தயங்காதீங்க.

மலை உயரத்தப் பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லியாகணும். உங்களுக்கு ஸ்டடி எடுத்த கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர், கேத்தி 2,000 மீட்டர் அளவு. இப்ப வர்ற மெஷின் பெரும்பாலும் உயரத்துக்கு ஏத்த மாதிரி தானாவே சரி பண்ணிக்கும். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10ங்கற மெஷினோட மேனுவல்ல 2,591 மீட்டர் வரைக்கும் ஓடும்னு போட்டிருக்கு. தொட்டபெட்டா உச்சிதான் அதத் தாண்டி 2,637, ஊர் எல்லாம் அதுக்குக் கீழதான், அதனால ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்க இருந்தாலும் கவல இல்ல. ஆனா உயரம் கூடும்போது சிலருக்கு தொண்ட அடைக்காமயே மூள மூச்சு இழுக்கச் சொல்லாம விடற மாதிரி நிறுத்தம் வரும், மெஷின் ரிப்போர்ட்ல அத சென்ட்ரல்னு தனியா காட்டும். மொத்த நிறுத்தம் மணிக்கு 5க்குக் கீழ வரணும், அதுல சென்ட்ரல் அதிகமா இருந்தா நீங்களா பிரஷர ஏத்தாதீங்க, சில பேருக்கு ஏத்த ஏத்த அது கூடும். மெமரி கார்ட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க, நான் மலை மேலதான் தூங்கறேன்னும் சொல்லுங்க, அவங்களுக்குத் தோணாம இருக்கலாம்.

கரண்ட் போனா மூச்சு முட்டாது. மூக்கு மாஸ்க்னா வாய தொறந்துக்கலாம், பெரிய மாஸ்க்ல காத்து நின்னதும் வெளிக்காத்த உள்ள விட ஒரு வால்வு தானா தொறக்கும். தூக்கமும் கலைஞ்சுடும்.

கடைசியா ஒண்ணு, கெஞ்சிக் கேக்கறேன். குளுருக்கு ரூம சூடு பண்றதுக்காக கரி அடுப்ப உள்ள வெச்சு கதவ சாத்தாதீங்க. கரிப்புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்ல நெறமும் இல்ல, மெஷின்ல இருக்கற ஃபில்டர் தூசியத்தான் புடிக்கும், அந்த வாயுவ அப்படியே உள்ள அனுப்பிடும். ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் கரி வெச்சுத் தூங்குனவங்க காலைல எந்திரிக்காத செய்திய நாம எத்தன தடவ படிச்சிருக்கோம்.


பாலாடா பிக்கப்:

டீச்சரம்மா, கூடலூர் தங்கச்சி, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மெனுவுல பாத்தேன், ஹியூமிடிட்டி 6ல வெச்சுக் குடுத்திருக்காங்க, ஆரம்ப பிரஷர் 4. மெஷின் கட்டிலுக்கு மேல ஷெல்ஃப்ல ஜன்னலோரமா இருக்கு. நீங்க சொன்ன எல்லாத் தப்பும் என் ரூம்ல இருக்கு. கரி அடுப்பு முன்வாசல்ல வெச்சுட்டு அணையறதுக்கு முன்னாடியே உள்ள எடுத்துட்டு வர்ற வழக்கம் எங்க வீட்ல உண்டு, இன்னிக்கே நிறுத்திட்டேன். மஞ்சூர் தம்பி, அந்த மெஷின் வேண்டாம், பெரியப்பாவ கூட்டிட்டுப் போங்க.

தண்ணி எத ஊத்தறது? நான் குழாய்த் தண்ணிய காய்ச்சி ஊத்திட்டு இருக்கேன். கரண்ட் போற ராத்திரிக்கு வீட்ல பழைய இன்வெர்ட்டர் ஒண்ணு இருக்கு, அதுல போடலாமா?


பந்தலூர் லைன் வீடு:

அண்ணே, கரண்ட் விஷயம் என்கிட்ட கேளுங்க. பந்தலூர்ல ஜூன்ல ஆரம்பிச்சா காத்தும் மழையுமா மரம் விழுந்து லைன் அறுந்து ரெண்டு நாள் கூட கரண்ட் இருக்காது. அப்பாவுக்குத்தான் மெஷின், எஸ்டேட்ல 30 வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவரு.

பழைய இன்வெர்ட்டர்னா ஸ்கொயர் வேவா இருக்கும், அதுல போட்டா மெஷின் அடாப்டர் இரையும், சூடாகும், வேண்டாம். வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரா தர்ற ப்யூர் சைன் வேவ்னு எழுதியிருக்கறதா பாத்து வாங்குங்க. கரண்ட் இல்லாத ராத்திரி ஹியூமிடிஃபையரையும் ஹீட்டட் டியூப்பையும் ஆஃப் பண்ணிடுங்க, கரண்ட குடிக்கறதே அதுதான், மெஷின் மோட்டார் ரெண்டு மூணு எல்இடி பல்பு அளவுதான் எடுக்கும். போன ஜூலைல 150 ஏஎச் பேட்டரில அப்பாவுக்கு ரெண்டு ராத்திரி முழுசா ஓட்டுனோம், வீட்ல ஒரே ஒரு லைட்டத் தவிர வேற எதுவும் போடல. மூக்கு காஞ்சதுன்னாரு, ஆனா மூச்சு நிக்கல, அது போதும் எங்களுக்கு.

தண்ணிக்கு மெடிக்கல்ல டிஸ்டில்டு வாட்டர் கேட்டா வரவெச்சுக் குடுப்பாங்க, நாங்க குன்னூர் போறவங்க யாராச்சும் இருந்தா மொத்தமா சொல்லி விடுவோம். பெட்ரோல் பங்க்ல விக்கற பேட்டரித் தண்ணி மூச்சுக்கு இழுக்கறதுக்குன்னு தயாரிச்சது இல்ல, அத ஊத்தாதீங்க. காய்ச்சினா கிருமி சாகும், உப்பு போகாது, தண்ணித் தொட்டி அடில வெள்ளையா படியும். அவசரத்துக்கு ஒரு நாள் ஊத்தலாம். காலைல மிச்சத் தண்ணிய கொட்டிட்டு தொட்டிய கழுவி கவுத்து வெச்சுடுங்க.


பாலாடா பிக்கப்:

8 நாள் கழிச்சு வரேன். எல்லாருக்கும் சொல்லணும்னு ஓடி வந்தேன்.

மொத நாளே மெஷின எறக்கி முக்காலி மேல வெச்சு, டியூப்ப கம்பளிக்குள்ள விட்டு, ஹியூமிடிட்டி 3. அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு தடவதான் கொளகொளன்னுச்சு, தண்ணி மூக்குக்கு வரல. வீட்டுக்காரம்மா என் பையனோட பழைய ஸ்கூல் ஸ்வெட்டர வெட்டி உறை தெச்சுக் குடுத்தாங்க. மூணாவது நாள்ல இருந்து சத்தமே இல்ல. டாக்டருக்கு போன்ல சொன்னேன், ஆரம்ப பிரஷர 6.5 ஆக்கச் சொல்லிட்டாரு, வாயையும் மூடற மாஸ்க்கும் மாத்தி வாங்கிட்டேன். குடுக்க மாட்டேன்னுதான் மொதல்ல சொன்னாங்க, தங்கச்சி சொன்ன தைரியத்துல விடாம கேட்டேன்.

அஞ்சாவது நாள் 6 மணி நேரம் 40 நிமிஷம். காலைல எந்திரிச்சதும் எனக்கு மொதல்ல தெரிஞ்சது என்னன்னா நைட்டு ஒரு தடவ கூட ஒண்ணுக்குப் போகல. ஏதோ தப்பா இருக்குன்னு பயந்தே போயிட்டேன். டாக்டர் சொன்னாரு, அடைச்ச தொண்டையோட மூச்சுக்கு இழுத்து இழுத்து நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறி, ரத்தம் அதிகமாயிடுச்சுன்னு இதயம் நெனச்சு உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளச் சொல்லுமாம், அதனாலதான் இத்தன வருஷமா அந்த மூணு தடவ. நான் குளிரு குளிருன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். எங்க ஊர்ல இதே காரணத்த சொல்லிட்டு இருக்கறவங்க எத்தன பேருன்னு இப்ப எண்ணிட்டு இருக்கேன்.

நேத்து ரிப்போர்ட் 3.8, அதுல சென்ட்ரல் 1.1. மெஷின வாங்கிட்டேன், பாதி காசு கையில இருந்து, மீதி மச்சான் குடுத்தான். வண்டி இன்னும் நான் எடுக்கல. ஒரு மாசம் ஒழுங்கா போட்டு பகல் தூக்கம் போச்சான்னு நேர்ல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதுவரைக்கும் ஆக்டிங் டிரைவரே ஓட்டட்டும். நேத்து அவர் பக்கத்துல உக்காந்து போனேன். பர்லியார் வரைக்கும் பேசிட்டே முழிச்சிருந்தேன், ரொம்ப நாளைக்கு அப்பறம் அந்த ரோட்டுல எல்லா வளைவையும் பாத்தேன். வீட்டுக்காரம்மா முந்தாநேத்து ராத்திரி நடுவுல முழிக்கவே இல்லையாம்.


பந்தலூர் லைன் வீடு:

அண்ணே படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். அந்த உறைக்கு அளவு சொல்லச் சொல்றாரு, இங்கயும் இப்ப குளுரு ஜாஸ்தி.


கோத்தகிரி டீச்சர்:

தம்பி பாலாடா, இன்னிக்கு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் உங்க கதையச் சொன்னேன். அந்த ஒரு மாசத்த அவசரப்படாம முடிங்க.

பந்தலூர் தம்பி, டியூப் 6 அடி, துணி ஆறரை அடி எடுங்க, தெச்சதும் கொஞ்சம் சுருங்கும். சாதா டியூப்னா அகலம் 14 சென்டிமீட்டர் போதும், ரெண்டு ஓரமும் மடிச்சுத் தெச்சது போக டியூப் லூசா உள்ள போகும். ஸ்வெட்டர் கை ரெண்டையும் ஒட்டுப் போட்டாலும் சரி, நல்ல பக்கம் உள்ள வர்ற மாதிரி தெச்சுட்டு அப்பறம் திருப்புங்க. மாஸ்க் பக்கத்துல இருந்து ஒரு சாண் துணி போடாம விட்டுடுங்க, மாஸ்க்ல மூச்சு வெளிய போற சின்ன ஓட்டைங்கள துணி மறச்சிடக் கூடாது. வாரம் ஒரு தடவ தொவைக்கணும்ல, அதனால ரெண்டா தெச்சு வெச்சுக்குங்க, நம்ம ஊர் வெயில்ல ஒண்ணு காய ரெண்டு நாள் ஆகும்.